ஒருநாள் குடித்தனம்

அந்த ஆளை நான் மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. வில்லியனூர் தாண்டி, கரும்பு போட்டிருந்த நிலத்தில் அவர் மூன்று மாடி அடுக்குவீடு கட்டினார். கீழ்த்தளத்து வீடுகளை உள்ளூர் ஏழைக் குடும்பங்களுக்குக் குறைந்த வாடகைக்கு விட்டால் கட்டடம் முழுவதற்கும் வீட்டு வரியில் சலுகை என்று கொம்யூன் பஞ்சாயத்தில் சொல்லியிருந்தார்கள். அவரும் வாசலில் போர்டு எழுதி மாட்டியிருந்தார். அதை நம்பித்தான் போய் நின்றேன். நாங்கள் குடியிருந்த ஷீட் வீட்டை அதன் சொந்தக்காரர் இடிக்கப்போவதாகச் சொல்லிவிட்டார். மழைக்கு முன்னால் காலி செய்தாக வேண்டும்.

“எந்தத் தெருமா?” என்றார். காலனி என்றேன்.

“வூடெல்லாம் வாடகைக்கு வுட்டாச்சே.”

அவர் முதுகுக்குப் பின்னால் கீழ்த்தளத்துக் கதவுகள் பூட்டிக் கிடந்தன. ஜன்னல் வழியே டைல்ஸ் பெட்டிகள் தெரிந்தன. நடந்து வந்த களைப்பில் குடிக்கத் தண்ணீர் கேட்டேன். கேட் ஓரம் செடிக்கு ஊற்றும் குழாயைக் கைகாட்டினார். வீடு வந்து சேரும்வரை திட்டிக்கொண்டே வந்தேன்.

சலுகையை வாங்கிக்கொண்டவர், யாராவது பார்க்க வருவார்கள் என்று நினைக்கவில்லை போலிருக்கிறது. நாளைக்கு அதிகாரி வருகிறார் என்றதும் வாட்ச்மேனை எங்கள் காலனிக்கே அனுப்பினார்.

“ஒரு நாளைக்கு குடும்பம் நடத்துற மாதிரி வந்து இருங்க. சாப்பாடு, பொடவை எல்லாம் சார் குடுப்பாரு. சாயந்திரம் திரும்பிடலாம்.”

“நாங்க வரோம்ணா,” என்றேன் முதல் ஆளாக.

“இன்னாத்துக்குடி இந்த வேல?” என்று என் வீட்டுக்காரர் முறைத்தார்.

“நீ சும்மா இரு. வண்டிக்கு சொல்லு.”

மறுநாள் காலையில் பீரோ, கட்டில், மிக்ஸி என்று ஒன்று விடாமல் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினேன். ஷீட் வீட்டின் சாவியைச் சொந்தக்காரரிடம் கொடுத்தாயிற்று. அடுக்குவீட்டுக்காரருக்கு என்னை அடையாளம்கூடத் தெரியவில்லை. அது வேறு என் கோபத்தைக் கிளறியது.

“இவ்ளோ சாமானா?”

“அப்பதான் சார் நம்புவாங்க. இன்னிக்குத்தான் குடிவராங்கன்னு சொல்லிடுங்க. அவங்க எதிர்லயே பால் காய்ச்சிடலாம்.”

அவருக்கு ஏகக் குஷி. பாலும் கற்பூரமும் அவரே வாங்கிவரச் சொன்னார். பால் காய்ச்சுவதென்றால் உறவுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? மதகடிப்பட்டிலிருந்து என் நாத்தனார் குத்துவிளக்கோடு வந்தாள். காலனியே தட்டு தூக்கிக்கொண்டு வந்தது. பால் பொங்கி வழிந்தபோது அதிகாரியும் அங்கேதான் நின்றார்.

“வாடகை கட்டுப்படியாவுமா?” என்று கேட்டார்.

“சாருக்கு நல்ல மனசுங்க. சலுகை இருக்கறவரைக்கும் காலி பண்ண சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்துட்டாரு.”

அதிகாரி திரும்பிப் பார்த்தார். “ஆமாங்க,” என்றார் அந்த மனுஷர். அத்தனை பேர் காதிலும் விழுந்தது.

அதிகாரிக்கு ஒரு டம்ளர் பால் கொடுத்துவிட்டு அடுக்குவீட்டுக்காரரிடமும் ஒன்றை நீட்டினேன். வாங்கத் தயங்கினார். அதிகாரி குடித்துக்கொண்டே பார்த்தார். வேறு வழியில்லாமல் வாங்கிக் குடித்தார். தீரும்வரை எதிரிலேயே நின்றேன். நன்றாக இருந்தது எனக்கு.

சாயந்திரம் வாட்ச்மேன் வந்து, “கெளம்புங்கமா” என்றார்.

“பால் பொங்குன அன்னிக்கே எவனாவது வூட்ட வுட்டு கெளம்புவானா?”

அவர் போய்ச் சொல்ல, முதலாளியே இறங்கி வந்தார். போலீசைக் கூப்பிடுவேன் என்றார்.

“கூப்புடுங்க சார். காலைல வந்த ஆபீசரையும் சேத்து கூப்புடுங்க.”

எடுத்த போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு படியேறினார். எங்களைப் போலவே நடிக்க வந்து மற்ற வீடுகளில் இறங்கியிருந்த காலனிக்காரர்களும் அதைப் பார்த்துவிட்டுப் பாயை விரித்துப் படுத்துவிட்டார்கள்.

இப்போது மாதம் பிறந்தால் வாடகைக்கு வருகிறார். “போன்ல போட்டுடக் கூடாதாமா?” என்று கெஞ்சுகிறார். எனக்கு அதெல்லாம் தெரியாது என்கிறேன். நன்றாகத் தெரியும். உள்ளே உட்காரவைத்துப் பால் கொடுக்கிறேன். சுகர் இருக்கிறது என்கிறார்.

“சக்கர போடல சார், குடிங்க.”

டம்ளர் காலியான பிறகுதான் வாடகையை எடுத்துவருகிறேன்.