கம்பத்துக்காரர்கள் ஊர் பார்க்க வந்த நாள்

பைனாகுலரில் கண் வைக்கும் இடத்துக் கறுப்பு ரப்பர் வளையத்துக்கு ஒரு வாடை உண்டு. வெயிலில் கிடந்த செருப்பின் வாடையும், அதுவரை அதைப் பிடித்திருந்தவர் தலையில் தடவிய எண்ணெயின் வாடையும் கலந்து முகத்தில் வட்டமாக ஒட்டிக்கொண்டு, சோப்புப் போட்டுக் கழுவினாலும் சாயங்காலம் வரை போகாது. ஒன்பது வயதில் ஒரே ஒரு நாள் அந்த வாடையோடு மட்டாஞ்சேரியைச் சுற்றி வந்தேன். அன்றைக்கு நடந்தது என்ன என்று இத்தனை வருடம் கழித்தும் எனக்கு முழுதாகப் பிடிபட்டதாகச் சொல்லமாட்டேன். பாதி அன்றைக்கே குழப்பியது, மீதி வளர்ந்த பிறகு குழப்பியது.

என் அத்தா, எங்கள் வழக்கத்தில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், பஜார் ரோட்டில் கயிறும் தார்ப்பாயும் விற்கும் சின்னக் கடை வைத்திருந்தார். அவருக்கும் முந்திய தலைமுறையில் கம்பத்திலிருந்து மலையேறி இறங்கி வந்த குடும்பம். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். அக்கா ஷமீமா என்னைவிட ரொம்ப மூத்தவள். கல்லூரி முடித்துவிட்டு அத்தாவின் கடையில் உட்கார்ந்து, பேரம் பேச வரும் படகுக்காரர்களை இரண்டே வார்த்தையில் வாயடைக்கச் செய்வாள். எங்கள் வீடு கொட்டாரத்துக்குப் பின்னால் இருந்த சந்தில் இருந்தது. கொட்டாரம் என்றால் அரண்மனை. கொச்சி ராஜாக்கள் இருந்த, பிற்பாடு மியூசியமாகிவிட்ட, டச்சுக்காரர் பெயரைச் சொல்லி ஊரே கூப்பிடுகிற அந்த ஓட்டுக் கட்டடத்தின் மதிலில்தான் எங்கள் துணி காயும்.

அந்தக் கோடை விடுமுறையில் கம்பத்திலிருந்து யாரோ 'ஊர் பாக்க' வருகிறார்கள் என்று வீடு அமளிப்பட்டது. அம்மா திரைச்சீலையைத் துவைத்தாள், பக்கத்து வீட்டில் பூப்போட்ட கோப்பைகளை இரவல் வாங்கினாள், சுவரில் நான் வரைந்திருந்த யானையைச் சுரண்டி எடுத்தாள். ஊர் பார்க்க வருகிறவர்கள் ஊரைத்தானே பார்ப்பார்கள், எங்கள் சுவரை எதற்குப் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டேன். பதிலாக முதுகில் ஒன்று கிடைத்தது.

"பறவை பாக்குற ஆளுங்களாம். கொட்டாரத்தையும் படகு ஜெட்டியையும் நீயும் அக்காவும்தான் கூட்டிட்டுப் போய்க் காட்டணும். வேகமா ஓடாத, மெல்ல நட," என்றாள் அம்மா.

படிக்கிறவர்களிடம் இப்போதே சொல்லிவிடுகிறேன். என்னிடம்தான் யாரும் சொல்லவில்லை. அவர்கள் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். பெண் பார்ப்பது என்று வெளிப்படையாக வந்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று போனால், பெண் வீட்டுக்குத் தலைகுனிவு. ஊர் பார்க்க வந்தோம் என்று வந்தால், பிடித்திருந்தால் பேச்சு, இல்லையென்றால் ஊரைப் பார்த்தோம், போனோம் என்று யாருக்கும் முகம் கோணாமல் முடிந்துவிடும். அம்மாவுக்கு இந்தச் சம்பந்தம் எப்படியாவது முடிந்தாக வேண்டும் என்று இருந்தது. அவள் பிறந்தது கம்பத்தில்; அங்கே ஒரு மகள் இருந்தால் பிறந்த மண்ணோடு தொடர்பு விட்டுப்போகாது. அக்கா மட்டும், "எல்லாருக்கும் சரின்னா எனக்கும் சரிதான்," என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். விலை கட்டாத சரக்கைக் கொடுத்துத் தொலைக்கும்போது கடையில் அவளுக்கு வரும் குரல் அது. இதையெல்லாம் நான் பின்னாளில்தான் சேர்த்துப் புரிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் மாமி, அகலமான கரை வைத்த சேலையில், எதைப் பார்த்தாலும் விலை கேட்பது போன்ற முகத்தோடு. இன்னொருவர் அவருடைய மகன் நாசர், பள்ளிக்கூட வாத்தியார், கழுத்தில் பைனாகுலர். வந்ததும் வராததுமாக, உட்காரக்கூட இல்லாமல், அவர் என்னிடம், "இங்க தண்ணியோரமா நீர்க்காகம் எங்கிட்டும்மா உக்காரும்?" என்று கேட்டார். பெரியவர் ஒருவர் என்னிடம் மரியாதையாக ஒரு கேள்வி கேட்டது அதுவே முதல் தடவை; எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதலில் கொட்டாரம். முற்றத்தில் நின்ற மாமி நாலாபக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, "அரண்மனை எங்க?" என்றார்.

"இதுதான் மாமி."

"இதுவா? ராஜா இதுக்குள்ளயா இருந்தாரு? எங்க ஊரு ரைஸ் மில்லு இதைவிட உசரமால்ல இருக்கு!"

எனக்குச் சுருக்கென்றது. கொட்டாரத்தை யாராவது குறை சொன்னால் எங்கள் சந்துப் பிள்ளைகளுக்கு அப்படித்தான். மேலே பல்லக்கும் அம்பாரியும் சுவர் முழுக்கச் சித்திரமும் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே முன்னால் ஏறினேன். ஆனால் மேலே போயும் மாமி பல்லக்கைப் பார்க்கவில்லை. அக்காவை முன்னால் நடக்கவிட்டுப் பின்னால் வந்தார். பிறகு அவரே முன்னால் போய் நின்றுகொண்டு, "இங்கிட்டு வாம்மா," என்று அவளை எதிரே நடக்கவைத்தார். தூரத்தில் தொங்கிய பலகையைக் காட்டி, "அதுல என்ன எழுதியிருக்கு, கொஞ்சம் வாசி," என்றார். அக்கா வாயைத் திறப்பதற்குள் நான் கடகடவென்று வாசித்துவிட்டேன். அடுத்த பலகைக்கும் அப்படியே. அதற்கடுத்த பலகையில் மாமி என் வாயைக் கையால் பொத்தினார். வழிகாட்டி நானா, அக்காவா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. பெண்ணுக்குக் கண் நன்றாகத் தெரிகிறதா, நாக்கு குழறாமல் வாசிக்கிறதா, காலில் ஏதாவது குறை உண்டா என்று ஒரு அரண்மனைக்குள் பரீட்சை நடந்துகொண்டிருந்தது என்று நான் எங்கே கண்டேன்!

பரீட்சைக்கு வராத ஆள் நாசர் ஒருவர்தான். மரச்சன்னலில் சாய்ந்து வெளியே இருந்த பெரிய மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "நாசரு, இங்க பாரு," என்று மாமி பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிடும்போதெல்லாம், "ஒரு நிமிசம்மா," என்றார். குட்ரூ, குட்ரூ என்று ஒரு சத்தம், நாங்கள் பிறந்தது முதல் கேட்டுக்கொண்டிருக்கும் சத்தம், அங்கிருந்து வந்தது. அது மரத்துக்குள் இருக்கிற பூச்சியின் சத்தம் என்றே நான் நினைத்திருந்தேன். அவர் பைனாகுலரை என் கழுத்தில் மாட்டி, தலையைப் பிடித்துத் திருப்பி, "குக்குறுவான். இலை நிறத்துல இருக்கும், அதான் சத்தம் கேட்டாலும் ஆளு தெரியாது," என்றார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு இலைக்குக் கண் முளைத்தது. நான் போட்ட கூச்சலில் காவலாளி ஓடி வந்தார்.

அங்கிருந்து ஜெட்டிக்குப் போனோம். படகுகள் வந்து கட்டும் துறைக்கு அப்பால், தண்ணீரில் ஊன்றியிருந்த பழைய மரக் குத்திகளின் மேல் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு நின்றன. மாமி நிழல் தேடி உட்கார்ந்துவிட்டார். நானும் நாசரும் பைனாகுலரை மாற்றி மாற்றி வாங்கிப் பார்த்தோம். அவர் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லச் சொல்ல, எங்கள் ஊரில் இத்தனை பேர் குடியிருப்பது தெரியாமல் இருந்திருக்கிறோமே என்று எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. அக்கா எங்களுக்குப் பின்னால், முக்காட்டைக் காற்றில் பறக்கவிடாமல் பிடித்தபடி நின்றாள். அவர் அவளை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"குடுத்து வச்ச பிள்ளை நீ. இந்த ஊருல பிறந்திருந்தா நானெல்லாம் வேற எங்கிட்டும் போகவே மாட்டேன்," என்றார் என்னிடம்.

அப்போது அக்கா கேட்காமலே என் கழுத்திலிருந்து பைனாகுலரைக் கழற்றி எடுத்தாள். குத்திகளையும், படகையும், அக்கரையையும் ரொம்ப நேரம் பார்த்தாள். என் முறை போகிறதே என்று நான் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குத் திரும்பியதும் சாயாவும் பழம்பொரியும் வந்தன. மாமிக்குப் பரம திருப்தி. இரவல் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, எல்லோர் முன்னிலையிலும் மகனைப் பார்த்துச் சிரித்து, "என்னப்பா, பொண்ண நல்லாப் பாத்துக்கிட்டியா?" என்றார்.

"எந்தப் பொண்ணும்மா?"

அத்தா பழம்பொரியைப் பாதி வாயில் வைத்தபடி நின்றுவிட்டார். அந்த வீட்டில் விஷயம் தெரியாதவர்கள் இரண்டு பேர் இருந்திருக்கிறோம். ஒருத்தி நான், இன்னொருவர் மாப்பிள்ளை. பெண் பார்க்கக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்று அவர் அடம்பிடித்ததால், கொச்சியில் பறவை கொள்ளையாக இருக்கிறதாம் என்று சொல்லி மாமி அவரைக் கூட்டிவந்திருக்கிறார், வந்த இடத்தில் தானாகப் புரிந்துகொள்வார் என்ற நம்பிக்கையில். ஊர் பார்க்க வந்தோம் என்பதை நம்பி வந்தவர் அவர் ஒருவரே.

அவர் முகம் கறுத்துச் சிவந்து என்னென்னவோ ஆனது. எழுந்து நின்று, சமையலறை வாசலில் நின்ற அக்காவைப் பார்த்து, "எனக்குத் தெரியாதுங்க. மன்னிச்சிருங்க," என்றார். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அவர், எங்கள் வீட்டில் அதுவரை யாரும் கேட்காததைக் கேட்டார். "உங்களுக்கு இதுல சம்மதமா?"

அம்மா அக்காவின் முழங்கையைப் பிடித்தாள். அக்கா அந்தக் கையை மெல்ல விலக்கிவிட்டு, கடையில் பேசும் குரலில் சொன்னாள்: "ஜெட்டியில வச்சு நீங்க ஒண்ணு சொன்னீங்கல்ல, இந்த ஊருல பிறந்திருந்தா வேற எங்கிட்டும் போக மாட்டேன்னு. நான் பிறந்திருக்கேன்."

அவர் தலையை ஆட்டினார். "அது சரிதான்," என்றார். கணக்கு சரியாக வந்த பிள்ளையிடம் வாத்தியார் சொல்வது போலத்தான் சொன்னார், ஒரு துளி கோபமில்லை.

மாமி சேலையை உதறிக்கொண்டு எழுந்தார். "ஊரப் பாக்க வந்தோம், பாத்தாச்சு. வர்றோம்," என்றார். அந்த ஒரு வார்த்தையில் எல்லோருடைய மானமும் காப்பாற்றப்பட்டது. போகிற அவசரத்தில் நாசர் என் கழுத்திலிருந்து பைனாகுலரைக் கழற்றிக்கொண்டார். அக்கா திருப்பிக் கொடுத்ததும் நான் மாட்டிக்கொண்டது அப்படியே கிடந்திருந்தது. அம்மா நோன்பு வரைக்கும் அக்காவோடு பேசவில்லை. யார் யாரை வேண்டாம் என்றார்கள், இத்தனை நல்ல மனிதரை ஏன் இனி கூப்பிடமாட்டார்கள் என்று எதுவும் விளங்காமல், நான் முகத்து ரப்பர் வாடையோடு அன்றைக்குத் தூங்கிப்போனேன்.

அக்கா பிறகு மட்டாஞ்சேரியிலேயே மிளகுக் கிடங்கு ஒன்றில் வேலை பார்த்தவரைக் கல்யாணம் செய்துகொண்டு, அதே சந்தில், நாலு வீடு தள்ளிக் குடியிருக்கிறாள். என் முறை வந்தபோது ஊர் பார்ப்பதெல்லாம் இல்லை. போட்டோ போனில் போயிற்று, பதில் போனில் வந்தது. சம்மதமா என்று என்னை யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. கட்டிக்கொடுத்த ஊர், வேறெது, கம்பம்தான். அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். நல்ல மனிதர், நல்ல வீடு. ஆனாலும் மழைக்காலத்தில் கடல் வாடைக்கு மூக்கு ஏங்கும்.

கம்பத்தில் காலையில் வயலோரம் நடக்கப்போனால் சில நாள் நாசர் வாத்தியார் எதிரே வருவார். தலை நரைத்து, பேரப்பிள்ளை ஒன்றின் கையைப் பிடித்துக்கொண்டு, கழுத்தில் அதே பைனாகுலரோ வேறொன்றோ தொங்க. என்னைத் தெரிந்துகொண்டார். பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்வி: "அந்த ஜெட்டிக் குத்தியில இப்பவும் நீர்க்காகம் உக்காருதாம்மா?" உட்காருகிறது என்று நான் பாட்டுக்குச் சொல்லிவைப்பேன். போனில் இதை அக்காவிடம் சொல்லிச் சிரித்தால் அவள் சிரிக்கமாட்டாள். "வேற ஒண்ணும் கேக்கலயா?" என்பாள். இல்லை என்றால், "சரி, வை," என்பாள்.

இந்த விடுமுறைக்கு மட்டாஞ்சேரி போயிருந்தேன். அத்தாவின் கடை இருந்த இடத்தில் வெள்ளைக்காரர்களுக்குக் காப்பி விற்கிறார்கள். கூரையில் அழகுக்காகக் கயிற்றுச் சுருள் ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். கொட்டாரத்துக்கு வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினேன். சன்னலுக்கு வெளியே அந்த மரம் இல்லை, சத்தமும் இல்லை. முற்றத்தில் யாரோ ஒரு தமிழ்நாட்டு அம்மாள், "அரண்மனை எங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார், இதுதான் என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் ஒரு வழிகாட்டி சொல்லிவிட்டார்.

சாயங்காலம் அக்காவும் நானும் பழைய ஜெட்டிப் பக்கம் போனோம். மரக் குத்திகள் ஒன்றுகூட இல்லை, வெறும் தண்ணீர்.

"நீர்க்காகமும் போயிருச்சு போல," என்றேன்.

"அங்கிட்டுத் தேடாத," என்று அக்கா கையை நீட்டினாள். "குத்தியெல்லாம் முங்கினப்பறம் அதோ அந்த இரும்பு மிதவைக்கு மாறிருச்சு. காலையில வராது. வெயில் தாந்தப்பறம்தான் வரும்."

அவள் காட்டிய இடத்தில் ஒன்று சிறகை விரித்துக்கொண்டு நின்றது. அதைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, என் கம்பம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நடக்கத் தொடங்கியவள், கொஞ்ச தூரம் போய் நின்றாள்.

"கம்பத்துல அவரு கேட்டாருன்னா, மிதவைக்கு மாறிருச்சுன்னு சொல்லு," என்றாள். "கேட்டா மட்டும் சொல்லு."