கோபத்தை வாங்கி வைத்துக்கொள்பவர்

“சளி இருக்கா? வீட்டுல யாருக்கும் காய்ச்சலு, கண்ணுவலி? சின்னப் புள்ளைகளுக்கு அம்மை கிம்மை போட்டிருக்கா?”

கேள்விகள் முடிகிறவரை பானுப்பிரியாவின் கை கம்பிக்கதவின் தாழ்ப்பாளை விட்டு நகர்வதில்லை. எதிரே நிற்பவர்கள் கான்சாபுரத்திலிருந்து ஒரு மினிவேன் நிறைய வந்து இறங்கிய உறவுக்காரர்கள். கைகளில் ஹார்லிக்ஸ், ஆப்பிள், சாத்துக்குடி. முன்னால் நின்ற அம்மாள் முந்தானையை வாயில் வைத்து அழ ஆயத்தமாகிறார். பானுப்பிரியா விடுவதில்லை. “அழணும்னா அந்தா, டீக்கடைகிட்ட நின்னு அழுது முடிச்சிட்டு வாங்க மதினி. நாங்க இங்கதான் இருப்போம். இந்த வாசலுக்கு வந்தா சிரிச்சிக்கிட்டுத்தான் வரணும்.”

அந்த அம்மாள் உண்மையிலேயே டீக்கடை வரை போய் அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

பானுப்பிரியா இந்த வீட்டுக்கு உறவு இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் இருக்கும் இந்த வீடு என் சித்தி மகள் ஆனந்தவல்லியுடையது. அவள் மகள் சிவரஞ்சனிக்கு ஏழு வயது, ரத்தப் புற்றுநோய். மதுரையில் சிகிச்சை நடக்கிறது. ஒரு ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் நடுவில் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அந்த நாட்களில் உடம்பில் எதிர்ப்புச் சக்தி அடிமட்டத்தில் இருக்கும். ஒரு தும்மல் போதும், ஆஸ்பத்திரிக்குத் திரும்ப ஓட வேண்டியதுதான். ஆனால் எங்கள் பக்கத்தில் நோயாளியைப் பார்க்கப் போகாமல் இருப்பது சின்னக் குற்றமில்லை. “படுத்துக் கெடந்தப்ப எட்டிப் பாக்கல” என்ற ஒரு வரியை இருபது வருஷம் கழித்துக் கல்யாண வீட்டில் எடுத்துப் போடுவார்கள். போனவரை உள்ளே விடாமல் அனுப்புவது அதைவிடப் பெரிய குற்றம். பெற்றவர்கள் எப்படிச் சொல்வார்கள், உள்ளே வராதீர்கள் என்று? அதைச் சொல்வதற்குத்தான் பானுப்பிரியா வருகிறார்.

அவருக்கு ஊர் ராஜபாளையம். காலையில் சத்திரப்பட்டியில், பேண்டேஜ் துணியைச் சுருட்டிப் பொட்டலம் கட்டும் வேலை. ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்து, துவைத்த சேலை கட்டி, பஸ் ஏறுகிறார். ஞாயிற்றுக்கிழமை முழுப்பகலும் உண்டு. முகக்கவசம் அந்தப் பேண்டேஜ் துணியிலேயே அவர் தைத்தது. அதன்மேல் பேனாவால் பூனை மீசை. நாற்பதைத் தாண்டிய, குட்டையான, குரல் பெருத்த பெண்மணி. பூனை மீசையோடு அவர் அதட்டும்போது வந்தவர்கள் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் ஒரு நிமிஷம் திகைத்துப் போகிறார்கள். அந்த ஒரு நிமிஷம் அவருக்குப் போதும்.

நானும் திகைத்தவன்தான். டொரோண்டோவிலிருந்து இரண்டு விமானம், ஒரு ரயில், ஒரு கார் மாறி வந்து இறங்கினேன். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு முகக்கவசம், பையில் வெப்பமானி, இரவெல்லாம் இணையத்தில் படித்ததன் பயம் வேறு. “பிளேன்ல எம்புட்டுப் பேரு வந்தீக அண்ணாச்சி?” என்று கேட்டார். முந்நூறு பேர் இருக்கும் என்றேன். “அப்ப முந்நூறு பேரு மூச்சையும் சேத்துல்ல கொண்டாந்திருக்கீக. லாட்ஜுல இருங்க. நாலஞ்சு நாள் போகட்டும், தும்மல் கிம்மல் இல்லன்னா பொறவு பாப்போம்.” என்னை விட அதிகமாகக் கவலைப்படக்கூடிய ஒருவரை அன்றுதான் பார்த்தேன். வித்தியாசம் என்னவென்றால், அவருக்குக் கவலைப்பட்டுக்கொண்டே சிரிக்கவும் தெரிந்திருந்தது. மறுநாளிலிருந்து தெருவோர வேப்பமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி எனக்கு ஒதுக்கப்பட்டது. இதில் எழுதுவது பெரும்பாலும் அந்த நாற்காலியிலிருந்து பார்த்ததுதான்.

தடுப்பதோடு அவர் வேலை முடிவதில்லை. பார்க்க வந்தவர்கள் பார்க்காமல் போகக் கூடாது என்பதிலும் அவர் பிடிவாதமானவர். வீட்டின் முன் ஜன்னலில் கொசுவலை அடித்திருக்கிறது. அதன் பின்னால் கட்டிலில் சிவரஞ்சனி. சளி இல்லாதவர்கள் முற்றத்தில் நின்று பார்க்கலாம், இருமுகிறவர்கள் கம்பிக்கதவுக்கு வெளியே. ஆனால் பார்ப்பதற்கு டிக்கெட் உண்டு. குழந்தை எந்த மிருகத்தைச் சொல்கிறதோ அதைப் போலச் சத்தம் கொடுக்க வேண்டும். இதை ஏற்பாடு செய்தவர் பானுப்பிரியா. நிறைவேற்றுகிறவள் சிவரஞ்சனி. கொஞ்சமும் தயவு காட்டமாட்டாள். போலீஸில் ரிட்டயரான சேதுபதி மாமா, தெருவே மரியாதையாக ஒதுங்கும் மீசைக்காரர், முற்றத்தில் நின்று கழுதையாகக் கத்தினார். முதல் தடவை சரியில்லை என்று சொல்லி மறுபடியும் கத்தவைத்தாள். “ஸ்டேஷன்ல எத்தன பேரைக் கத்த வச்சிருப்பீக, இப்ப நீங்க கத்துங்க” என்றார் பானுப்பிரியா. வேனில் வந்த எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மொட்டைத் தலையைப் பார்த்து அனுதாபப்பட யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

எல்லோரும் அப்படிச் சிரித்துக்கொண்டு போவதில்லை. ‘இவ யாரு நம்மள நிப்பாட்ட’ என்று தெரு முழுக்கக் கேட்கும்படி ஏசிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. பானுப்பிரியா மழைக்கு ஒதுங்கி நிற்பதுபோல நின்று கேட்டுக்கொள்கிறார். ஏன் என்று ஒருநாள் விசாரித்தேன். அவர் மகன் கௌதம்ராஜுக்குச் சின்ன வயதில் இதே நோய். இப்போது ஐ.டி.ஐ. படிக்கிறான், நன்றாக இருக்கிறான். அவன் படுத்திருந்தபோது வத்திராயிருப்பிலிருந்து பார்க்க வந்த தன் அண்ணனை, கூட வந்த பிள்ளைகளுக்குச் சளி என்பதால், அவரே வாசலில் நிறுத்தியிருக்கிறார். அண்ணன் அதற்குப் பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை. தன் வீட்டுக் கல்யாணத்துக்கும் சொல்லவில்லை.

“எம் புள்ள இருக்கான். அண்ணன் இல்ல. அம்புட்டுதான்,” என்றார். முகக்கவசத்தை இழுத்துச் சரிசெய்துகொண்டு, “இன்னொரு வீட்டுல அப்படி ஆகக் கூடாதுல்ல? நான் அசலு, வெளியாளு. என்னைய ஏசுனா ஏசிட்டுப் போறாக. நாளைக்கு அவுகளும் இவுகளும் ஒரே பந்தியில உக்காந்து சாப்பிடணும்” என்றார். மதுரை வார்டில் ஒரு தாய் சொல்லி இன்னொரு தாய்க்குத் தெரிந்து, அவருக்குப் போன் வருகிறது. இதுவரை அவர் காவல் நின்றது ராஜபாளையத்தில் மூன்று வீடு, இங்கே இரண்டு.

நான் பார்த்த வாரம் லேசான வாரம் இல்லை. போனமுறை ஊசிக்கு முந்தைய நாள் சிவரஞ்சனிக்குக் காய்ச்சல் வந்து சிகிச்சை தள்ளிப்போய்விட்டது. இன்னொரு தடவை தள்ளிப்போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை ஊசி. ஞாயிறு மத்தியானம் ஆனந்தவல்லி மணிக்கொரு தடவை மகளின் நெற்றியில் கை வைத்துக்கொண்டிருந்தபோது, ஆட்டோவில் வந்து இறங்கினார் தங்கப்பாண்டியன். ஆனந்தவல்லியின் கணவர் ஜெயபாண்டிக்கு உடன்பிறந்த அண்ணன், ராணுவத்தில் ஹவில்தார். தகப்பன் இல்லாத வீட்டில் தம்பியை ஆளாக்கியவர். காஷ்மீரிலிருந்து லீவில் வந்து, ஊர்க் காரியங்களை முடித்துவிட்டு, குழந்தையைப் பார்ப்பதைக் கடைசிக்கு வைத்திருந்தார். சாயங்காலம் ரயில். ஆட்டோவுக்குக் காசு கொடுத்துவிட்டுத் திரும்பும்போதே இருமினார்.

“இருமல் எம்புட்டு நாளா அண்ணே?”

“தூசி இருமல். தள்ளு தாயி, எம் புள்ளையப் பாக்கணும்.”

“உங்க புள்ளதான். ஆனா இருமல் பட்டாளத்துதா, பக்கத்து வீட்டுதான்னு அது ரத்தத்துக்குத் தெரியாதுண்ணே. வெளிய நின்னே பாருங்க.”

அவர் முகம் கறுத்தது. பானுப்பிரியாவைத் தாண்டி வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “ஏலே ஜெயபாண்டி. என்னைய நிப்பாட்டுறதுக்கு வாசல்ல ஆளு வச்சிருக்கியாலே?”

ஜெயபாண்டி நிலைப்படி வரை வந்து, அண்ணனைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார். ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்திருந்தால், எந்தப் பக்கம் வந்திருந்தாலும், ஏதோ ஒன்று முறிந்திருக்கும். பானுப்பிரியா இரண்டு பேருக்கும் நடுவில் நகர்ந்து நின்றார். “அவுகள ஏன் கூப்பிடுதீக? அவுக விடத்தான் சொன்னாக. நான்தான் மாட்டேன்னு நிக்கேன். கோவத்த எங்கிட்டயே வச்சிட்டுப் போங்க.”

ஜெயபாண்டி அப்படிச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். எல்லோருக்குமே தெரிந்திருக்கலாம்.

அப்போது தங்கப்பாண்டியனின் கையிலிருந்த கட்டைப்பை அசைந்தது. உள்ளேயிருந்து ஒரு முனகல். பானுப்பிரியா சட்டென்று பின்வாங்கினார். அத்தனை நாளில் அவர் பின்வாங்கி நான் பார்த்ததே இல்லை. பைக்குள்ளிருந்து ரோஸ் மூக்கும் வெள்ளைத் தலையுமாக ஒரு ராஜபாளையம் நாய்க்குட்டி எட்டிப் பார்த்தது. ஜன்னலிலிருந்து சிவரஞ்சனியின் குரல் வந்தது. “பெரியப்பா, கொண்டாந்துட்டீகளா?” போனில் கேட்டிருக்கிறாள். அவர் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

நாய்க்குட்டி இப்போது உள்ளே வரக்கூடாது என்று ஆனந்தவல்லி மெதுவாக எடுத்துச் சொன்னாள். குழந்தை அழவில்லை. கொசுவலையில் நெற்றியை வைத்துக்கொண்டு கேட்டாள்: “நான் வெளிய வரக் கூடாது. அதுவும் உள்ள வரக் கூடாது. பொறவு எதுக்கு?”

 தங்கப்பாண்டியன் பையை என் நாற்காலியருகே வைத்துவிட்டு, தெருமுனை வரை நடந்துபோய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். சிரித்துக்கொண்டுதான் வர வேண்டும் என்ற அந்த வாசலின் சட்டம் அவருக்கு யாரும் சொல்லித் தெரிந்ததல்ல. திரும்பி வந்தபோது கைக்குட்டையை வாய்க்குக் கட்டியிருந்தார். கம்பிக்கதவுக்கு வெளியே நின்று குட்டியை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார்.

சிவரஞ்சனி கண்ணை இடுக்கிப் பார்த்தாள். “டிக்கெட்டு? கொலைக்கச் சொல்லுங்க.”

குட்டி குலைக்கவில்லை. கொட்டாவி விட்டது. எனவே ஹவில்தார் குலைத்தார். அடிவயிற்றிலிருந்து வந்த குலைப்பு. தெருவில் படுத்திருந்த நாய்களெல்லாம் எழுந்து பதில் கொடுத்தன. ஜன்னலுக்குள் சிரிப்பு கிளம்பி, விக்கலாக மாறி, மறுபடி சிரிப்பானது. தலையைக் குனிந்தே நின்றிருந்த ஜெயபாண்டியும் நிலைப்படியில் உட்கார்ந்து சிரித்துவிட்டார். அண்ணன் அதைப் பார்த்தார்.

குட்டிக்குப் பெயரும் வைத்தாகிவிட்டது, பால்கோவா. “திங்கத்தான் விடமாட்டேங்கீக. கூப்பிடவாவது செய்யுதேன்” என்றாள் சிவரஞ்சனி.

ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. குட்டியை யாரிடம் விடுவது? இந்த வீட்டில் முடியாது. லாட்ஜில் முடியாது. தங்கப்பாண்டியன் என்னைப் பார்த்தார், நான் ஆனந்தவல்லியைப் பார்த்தேன். ஜன்னலிலிருந்து முடிவு வந்தது. “பானு அத்தை வச்சிருக்கட்டும். நான் வெளிய வந்ததும் வாங்கிக்கிடுதேன்.”

பானுப்பிரியாவுக்கு நாய் என்றால் ஆகாது. சின்ன வயதில் கடிபட்டவர் என்று ஆனந்தவல்லி பிறகு சொன்னாள். அது அப்போதே முகத்தில் தெரிந்தது. ஆனால் அவர் காதில் விழுந்தது ‘வெளிய வந்ததும்’ என்ற சொல் மட்டும்தான் என்று நினைக்கிறேன். முற்றத்திலிருந்து தெருவுக்கு இறங்கினார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டினார். ஹவில்தார் குட்டியை அதில் வைத்தார். அது நெளிந்து, அவர் நெஞ்சோரமாகச் சேலைக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டது.

“உள்ள வாங்கத்தை, கிட்ட காட்டுங்க” என்று குழந்தை கூப்பிட்டாள்.

பானுப்பிரியா கண்ணைத் திறந்து குட்டியைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். பிறகு திறந்து கிடந்த கம்பிக்கதவைத் தெருப்பக்கமிருந்தே இழுத்துச் சாத்தி, கம்பிகளுக்கிடையே கையை விட்டு, உள்தாழ்ப்பாளைத் தானே போட்டார்.