எழுபது பவுண்டு வில்

விஸ்கான்சினில் எங்கள் மர ஆலையில் வேலை பார்க்கும் வெர்லின் ஸ்டக்கியைப் போல வீம்பு பிடித்தவனை நான் பார்த்ததில்லை. அவன் மச்சான் ராய் அறுபது பவுண்டு இழுவையுள்ள, கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லால் மான் அடிக்கிறான். அதனால் தனக்கு எழுபதுதான் வேண்டும் என்று வில் கடையில் அடம்பிடித்தான் வெர்லின். வில்லை வானத்தைப் பார்க்கத் தூக்கி, முகம் சிவக்க, ஒருவழியாக நாணை இழுத்தும் காட்டினான்.

"இதையே உட்கார்ந்துக்கிட்டு இழுங்க பாப்போம்," என்றாள் கடைக்காரி லார்னா. "மரத்து மேல குளிர்ல கை விறைச்சிடும். அம்பத்தஞ்சு போதும், மான் விழுந்துடும். இந்த ரெண்டு திருகைத் தளர்த்தினா இழுவை குறையும், செஞ்சு தரேன்."

"அம்பத்தஞ்சு என் பொண்டாட்டிக்கு வெச்சுக்கோ."

நவம்பரில் ஒரு விடியற்காலை நானும் அவனும் பக்கத்துப் பக்கத்து மரங்களில் கட்டிய இருக்கைகளில் மானுக்காகக் காத்திருந்தோம். பெரிய கொம்பன் மான் ஒன்று அவன் மரத்தடிக்கே வந்தது. வெர்லின் இழுத்தான். நாண் பாதிகூட வரவில்லை. வில்லை மேலே தூக்கி மறுபடியும் முக்கினான். மான் நிமிர்ந்து அவனைப் பார்த்துவிட்டுப் பாய்ந்தோடியது.

"வில்லு சரியில்லடா. அந்தப் பொம்பள ஏமாத்திட்டா," என்றான் இறங்கி வந்து.

"திருகைத் தளர்த்தித் தொலையேன்."

"ராய்க்குத் தெரிஞ்சா?"

வேட்டைப் பருவம் முடியும்வரை, இழுக்க முடியாத அந்த வில்லோடு மரத்தில் குந்தியிருந்தான். கிறிஸ்துமஸுக்கு ராய் மான்கறி சாசேஜ் கொண்டுவந்து கொடுத்தான். தட்டைக் காலி செய்துவிட்டு, உப்பு கூடிப்போச்சு என்றான் வெர்லின்.