பத்துப் பேர் பில்டர்

வெந்நீரை ஊற்றியதும் வடிவாம்பாள் காப்பி பில்டரை விட்டு நகரமாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து உள்ளே சொட்டு விழும் ஓசையைக் கேட்டுக்கொண்டிருப்பார். அப்போது யார் கூப்பிட்டாலும் உயர்த்திய ஒரு விரல்தான் பதில். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ட்ரங்க் கால் இணைப்பவர். "ஊராரு சத்தம் முழுக்க என் காதுலயாக்கும். இந்தச் சத்தம் ஒண்ணுதான் எனக்குள்ளது" என்பார்.

நாகர்கோவில் பக்கத்துக்காரர். கணவர் காலமான பிறகு மாற்றல் வாங்கிக்கொண்டு திருவனந்தபுரம் வந்தார். கரமனையில் எங்கள் லைன் வீட்டின் கடைசி அறை அவருடையது. நெற்றியில் விபூதிக் கீற்று, மணிக்கட்டில் ஆண்கள் கட்டும் பெரிய வாட்ச். யாரிடமும் எதையும் வாங்கமாட்டார். என் மனைவி குழம்பு கொண்டுபோனால், "இரிக்கட்டும் மக்கா, அங்ஙனயே வச்சுக்கோ" என்று வாசலிலேயே திருப்பிவிடுவார். அவருடைய பித்தளைப் பில்டரும் அப்படித்தான். ஓர் ஆளுக்கு வடிக்கும். இன்னொருவருக்கு அதில் இடமில்லை.

போன மழைக்காலத்தில் வயிற்றில் கட்டி என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். ஆபரேஷன் என்றார்கள். கூட இருக்க உறவென்று யாரும் இல்லை. பக்கத்து அறையில் தையல் வேலை செய்யும் ராகேல், யாரும் கேட்காமலே போய்த் துணைக்கு இருந்தார். பிறகு லைன் வீடு முழுவதும் முறை வைத்துக்கொண்டது. ஒரு வீட்டிலிருந்து கஞ்சி போனது. இன்னொரு வீட்டில் அவர் துணிகளைத் துவைத்தார்கள். எங்கள் வரிசையில் குடியிருக்கும் மீன் வியாபாரி யோசுவா, சைவக்காரியிடம் போகிறோமே என்று கைகளில் எலுமிச்சை தேய்த்துக் கழுவிவிட்டு இளநீர் கொண்டுபோனார். வேண்டாம் என்று சொல்ல வடிவாம்பாளுக்கு அப்போது தெம்பில்லை.

வீடு திரும்பி நடமாடத் தொடங்கியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் காப்பிக்குக் கூப்பிட்டார். அந்தச் சின்னப் பில்டரில் திரும்பத் திரும்ப வடித்தார். முதலில் குடித்தவர்கள் வீடு போய்ச் சேர்ந்த பிறகும் கடைசி ஆளுக்கு டிகாஷன் இறங்கவில்லை. கடைசி ஆள் ராகேல். "காப்பி கெடக்கட்டும்க்கா. நான் உங்களக் காணத்தானே வந்தேன்" என்றார். வடிவாம்பாளுக்கு அது பொறுக்கவில்லை.

மறுவாரம் சாலைக் கடைத்தெருவுக்கு என்னைத் துணைக்கு அழைத்தார். பாத்திரக் கடை ஆறுமுகசாமி, பத்துப் பேருக்கு வடிக்கும் பில்டரை எடுத்து வைத்துவிட்டு, "வீட்டுல எத்தன பேரு?" என்று கேட்டார்.

"நான் ஒருத்திதான்."

"அப்பம் இது வேண்டாம்மா. இதுல கொஞ்சமாப் பொடி போட்டா வெள்ளம் நிக்காது, ஓடிப்போவும். காப்பி கலங்கின தண்ணியாட்டு இருக்கும். நிறையப் பொடி வேணும், குடிக்க நிறைய ஆளும் வேணும்."

வடிவாம்பாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வைத்துவிட்டுப் படியிறங்கினார். சற்றுத் தூரம் நடந்தவர் தெருவிலேயே நின்றார்.

"தம்பி, அவரு சொல்லுகது செரிதான். ஆனா நான் ஆசுவத்திரில கெடந்தப்போ, ஒருத்திக்கு எதுக்கு இத்தன பேருன்னு யாராவது கணக்குப் பாத்தாங்களா?"

திரும்பிப் போய் வாங்கிவிட்டார்.

முதல் ஞாயிறு பெரிய பில்டரில் பொடியை ரொம்ப அழுத்தி அமுக்கிவிட்டார். ஒரு சொட்டும் இறங்கவில்லை. யோசுவா கரண்டியால் தட்டினார். ராகேல் மூடியைத் திறந்து பொடியைக் கிளறிவிட்டார். எல்லோரும் காத்திருந்த அந்த நேரத்தில்தான் வடிவாம்பாள் தன் கணவரைப் பற்றி முதல்முறையாகப் பேசினார், சிரித்தால் அவருக்குப் புரையேறிவிடும் என்று. பிறகு டிகாஷன் இறங்கியது, கறுத்து, கெட்டியாக. குடித்த ஒவ்வொருவரிடமும் "கொள்ளாமா?" என்று கேட்டார். கொள்ளாம்தான், நன்றாகவே இருந்தது. இப்போது வாரநாளில் சின்னது, ஞாயிறு பெரியது.

இந்த ஞாயிறு அவருக்கு டியூட்டி. காப்பி இருக்காது என்று நினைத்திருந்தோம். வேலைக்குக் கிளம்பியவர் ராகேலின் வாசலில் நின்று, "பொடி போட்டு வச்சிருக்கேன், பாலும் இருக்கு. சூடு வெள்ளம் மட்டும் ஊத்தினா மதி" என்றார். தன் அறைச் சாவியை அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடிவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தார்.