பஜ்ஜிக்குப் படித்த இங்கிலீஷ்

உங்கள் பெரியக்கா எட்டாவது படிக்கும்போது முதல் பரீட்சையில் இங்கிலீஷில் தோற்றுவிட்டாள். அரைப்பரீட்சையிலும் தோற்றால் பள்ளிக்கூடத்தை நிறுத்தித் தையலுக்கு அனுப்புவதென்று உங்கள் அம்மா முடிவு செய்தாள். எனக்குச் சம்மதமில்லை. ஆனால் நான் மில்லில் தறி ஓட்டுகிறவன். இங்கே பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில் பிரெஞ்சுப் பள்ளியில் கொஞ்சநாள் உட்கார்ந்தவன். இங்கிலீஷ் எங்கே சொல்லித்தருவது? ஒரு பாடம் ஒப்பித்தால் வாழைக்காய் பஜ்ஜி என்று ஆசை காட்டினேன். பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டே ஒப்பிப்பாள். கை கழுவும்போதே பாடமும் போய்விடும்.

அவளுக்குப் பித்து கிரிக்கெட்டின்மேல்தான். லண்டனில் ஆட்டம் நடந்தால், சாயங்காலம் மில் ஆட்கள் நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டு ஜன்னலோரம் கூடுவார்கள். ரேடியோ இங்கிலீஷில் பேசும், யாருக்கும் புரியாது. ரேடியோவில் கூட்டம் கத்தினால் நம்மாள் அடித்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம்.

ஒருநாள் ரேடியோவில் பெரிய இரைச்சல். "ஃபோரு!" என்று அக்கா குதித்தாள். எல்லோரும் கைதட்டினோம். கொஞ்சநேரத்தில் ரேடியோவில் வேறு ஆட்டக்காரன் பேர் வந்தது. லண்டன்காரன் கத்தியது நம்மாள் அவுட்டானதற்கு!

"என்னா புள்ள, அவுட்டானவனுக்குக் கைதட்ட வச்சிட்டியே!" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"இஸ்கூலுக்குப் போற புள்ளன்னு நம்புனோம் பாரு!" என்றார் இன்னொருவர்.

அக்கா முகம் சிவந்து உள்ளே போய்விட்டாள். பின்னாலேயே போய்ச் சமாதானம் சொல்லத் தோன்றியது. அடக்கிக்கொண்டேன். ரோஷம் அவளுடையது, அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்று பிடிவாதமாக இருந்துவிட்டேன்.

மறுநாள் ரேடியோவில் காதை ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இங்கிலீஷ் டீச்சரக் கேட்டேம்பா. அவுட்டானா எப்படியெல்லாம் சொல்வாங்கன்னு சொன்னாங்க."

பஜ்ஜிப் பொட்டலத்தை நீட்டினேன்.

"அப்புறம் துன்றேன். பேசாம இருப்பா, கேக்கணும்."

அதன்பிறகு நான் ஆசை காட்டவுமில்லை, அதட்டவுமில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பது தறி ஓட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. கூட்டம் கத்தினால் ஜன்னலோரம் இருப்பவர்கள் இப்போது கைதட்டாமல் அவள் முகத்தைப் பார்த்தார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, மறுநாள் டீச்சரிடம் கேட்டுக்கொண்டு வந்தாள். கேட்கப்போன இடத்தில் பாடத்தையும் சேர்த்துக் கேட்டாள்.

பரீட்சை நெருங்கும்போது உங்கள் அம்மா, "ஏங்க, தையக்காரம்மாகிட்ட சொல்லிவச்சிட்டேன்" என்றாள்.

நான் வாய் திறக்கும் முன்பே அக்கா சொன்னாள்: "நான் போமாட்டேம்மா. டீச்சர்கிட்ட கேக்கவேண்டியது இன்னும் நெறைய இருக்குது."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு, ரேடியோவுக்குப் புது பேட்டரி வாங்கக் கிளம்பினேன்.