மூலைவீட்டுச் சுவர்

பால்வண்டி வருவதற்கு முன்பே சின்னத்தாய் சாணியில் கூளத்தைச் சேர்த்துப் பிசைந்து முடித்திருப்பாள். முந்தானையை இடுப்பில் செருகி, உருண்டை பிடித்து, சுவரைப் பார்த்து ஓங்கி ஓர் அறை. வரட்டி ஒட்டிக்கொள்ளும், நடுவில் ஐந்து விரலும் பதிந்திருக்கும். "எவன் மேலயோ உள்ள கோவத்தைச் சொவத்துல காட்டுதா" என்று எதிர் டீக்கடையில் கேலி பேசுவார்கள். பாதி உண்மைதான்.

ஆமத்தூர்ப் பக்கம், இரண்டு தெரு கூடும் மூலையில் அவள் வீடு. பேருந்துக்கு நிற்கிற அத்தனை பேர் கண்ணிலும் அந்தச் சுவர்தான் படும். கீழத்தெரு, அப்பன் பாட்டன் காலத்திலிருந்து ஒரே உள்ளூர்க் கட்சிக்கு ஓட்டுப் போடுகிற தெரு. மேலத்தெரு, பட்டாசுக் கம்பெனி முதலாளி தில்லிக் கட்சியொன்றில் சேர்ந்ததும் அவர் பின்னால் போய்விட்டது. போன தேர்தலில், அவள் அதே கம்பெனிக்கு வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, இரு தெருவும் ஆளுக்குப் பாதியாகச் சுவரைப் பங்குபோட்டுச் சின்னம் வரைந்துவிட்டன. ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று முதல் கொல்லைப்புறத்து வரட்டி தெருப்பக்கம் குடிவந்தது.

"இனி எந்தப் பய பிரஷ்ஷை வைக்கான்னு பாக்கேன்" என்பாள்.

இந்தத் தேர்தலில் வினை வேறு வழியில் வந்தது. போர்மேன் முத்துக்கருப்பன் கம்பெனி வண்டியை நிறுத்தி இறங்கி, சுவரை மேலும் கீழும் பார்த்தார். வரிசை வரிசையாக விரித்த விரல்கள்.

"என்ன சின்னத்தாயி, முதலாளிக்கு எதிரா நிக்கிற இன்னொரு தில்லிக் கட்சியோட கைச் சின்னத்தைச் சொவரு பூரா பதிச்சு வச்சிருக்கீக?"

"அது வரட்டி அண்ணாச்சி. வெரலு படாம எப்பிடித் தட்ட?"

"முதலாளி கார்ல போகையில பாத்துட்டாக. எல்லாத்தையும் உரிச்சிட்டு நம்ம சின்னத்தை வரைய விடுங்க. இல்லேன்னா இந்தச் சீசனுக்கு வண்டியில ஏற வேண்டாம்."

வண்டியிலிருந்த பெண்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள். தீபாவளிச் சீசன் போனால் அவளுக்கு வருஷமே போனமாதிரி. இதுதான் சமயமென்று கீழத்தெரு சங்கரபாண்டியன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"நம்ம சின்னத்தை வரைய விட்டிருந்தா நாங்க தொணைக்கு நின்னிருப்பமே தாயி. இப்பவாச்சும் சரின்னு சொல்லு."

"ஓட்டு யாருக்குன்னு எம் புருசன்கிட்டயே சொன்னதில்ல" என்றாள் சின்னத்தாய். "சொவருகிட்டயா சொல்லுவேன்?"

சட்டியில் கிடந்த கடைசி உருண்டையை எடுத்து, விரல்களை அகல விரித்து அறைந்தாள். பிறகு இடக்கையில் தூக்குவாளியோடு நேரே நடந்தாள். தன் வெள்ளைச் சட்டைக்குப் பயந்து போர்மேன் விலகிக்கொண்டார். கழுவாத வலக்கையால் கம்பெனி வண்டியின் கதவை அழுத்திப் பிடித்து ஏறி, வழக்கமான ஜன்னலோரத்தில் உட்கார்ந்தாள். கதவில் ஐந்து விரலும் பதிந்திருந்தன.