மூன்று பேருக்குத்தான் இடம்

பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் பிரியந்தி முதலில் கை கழுவுவாள். சும்மா கழுவுவதில்லை. தேயிலைச் சாயம் ஏறிய விரல்களைத் தேசிக்காய்த் தோலால் ஒவ்வொன்றாகத் தேய்த்து, சவர்க்காரம் போட்டு, துடைத்து, மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பாள். அதற்குப் பிறகுதான் டீவிக்குப் பக்கத்தில் துவாயில் சுற்றி வைத்திருக்கும் கொன்ட்ரோலரைத் தொடுவாள். "பட்டனுக்குள்ள சாயம் எறங்கிச்சுன்னா ஒட்டிக்கும் சேர். பொறகு சண்டையில நான் வெட்டச் சொன்னா அது குனிஞ்சு நிக்கும்" என்று என்னிடம் சொல்வாள்.

நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகும் பாதையோரத்துத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கடைசிக் காம்பரா அவளுடையது. வயது முப்பத்து மூன்று. கணவன் சுமன் தேயிலை பெக்டரியில் வேலை செய்கிறான். நான் அந்த லயத்துக்கு மேலேயுள்ள பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவன். ஒருநாள் மழைக்கு ஒதுங்கப்போய், உள்ளே வாள் மோதும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அன்றைக்குப் போட்ட பாயில்தான் இன்னும் உட்கார்ந்திருக்கிறேன்.

அவள் விளையாடுவது 'ஓர்வென் ரோட்' என்ற வீடியோ கேம். கண்ட கண்ட ஆளைச் சுட்டுத் தள்ளுகிற வகை இல்லை. நாமே ஒரு பாத்திரமாகி, கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு, ஒரு நாடு முழுக்க நடந்து, கிடைத்த வேலையைச் செய்து, சமைத்துச் சாப்பிட்டு, சண்டை போட்டு, மெல்ல மெல்ல ஆளாகிற விளையாட்டு. அவசரக்காரர்களுக்கு ஒத்துவராது. பிரியந்தி அதன் முதல் பாகத்தைப் பதினான்கு வருஷமாக விளையாடியிருக்கிறாள். அந்த நாட்டை மேல்கணக்கு, கீழ்க்கணக்கு என்று தோட்டத்தைப் பிரிப்பதுபோலப் பிரித்து, மரமில்லாத மொட்டைக் குன்றுக்கு, தேயிலைச் செடியை மொட்டையாக வெட்டிவிடும் கவ்வாத்தை நினைத்து, கவ்வாத்து மலை என்றும் பேர் வைத்துவிட்டாள். உண்மைப் பேர் என்ன என்று கேட்டால் அவளுக்கே யோசிக்க வேண்டும்.

பத்தொன்பது வயதில் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போனபோது பழகியது இது. அந்த வீட்டுப் பிள்ளைகள் விளையாடி அலுத்துப்போட்டதை, வீடு காலியாக இருக்கும் பகல்களில் இவள் எடுத்துக்கொண்டாள். விளையாட்டில் நாள் முடிந்து கூடாரம் அடித்தால், மிரெல் என்ற வைத்தியக்காரி நெருப்பைத் தாண்டி வந்து நிற்பாள். கீழே ஒரு வரி எழுத்தில் வரும். எழுத்துக் கூட்டிப் படித்து, அந்த வீட்டுச் சின்ன மகளிடம் அர்த்தம் கேட்டாளாம். 'நீ சாப்பிட்டாயா?' என்பதுதான் அந்த வரி.

"அந்த வீட்ல எல்லாரும் நல்லவங்கதான் சேர். குத்தம் சொல்லக்கூடாது. ஆனா சாப்பிட்டியான்னு ஒருத்தரும் கேட்டதில்ல. மொதல்ல கேட்டது இவதான்."

அந்தக் குடும்பம் அவுஸ்திரேலியாவுக்குப் போகும்போது விளையாட்டுப் பெட்டியை இவளிடமே விட்டுவிட்டுப் போனது. இவள் அதைத் தலையணை உறைக்குள் போட்டு, ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு ஊர் வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தக் காம்பராவில் இடம் பிடிக்க வேண்டும். சமையல் அன்றைக்குச் சுமன் பொறுப்பு. "அவ நாட்டக் காப்பாத்தப் போறா, நான் பருப்பக் காப்பாத்துறேன்" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். மலையில் இவளுக்குப் பக்கத்து நிரையில் கொழுந்து பறிக்கும் ராசம்மாக்கா முதல் ஆளாக வந்துவிடுவார். கொழுந்து லொறி ஓட்டும் கஸ்பர் அண்ணன் ஜெபம் முடிந்து கோயில் சட்டையோடு வந்து சேருவார். யாருக்கும் இங்கிலீஷ் ஓடாது. இவளுக்கு ஓடும், இந்த விளையாட்டே படிப்பித்துவிட்டது. முதல் பாகத்தில் யாரும் வாய் திறந்து பேசமாட்டார்கள், எழுத்து மட்டும்தான். ஆகவே ஆளுக்கொரு குரலைப் பிரியந்தியே கொடுப்பாள். கேடயம் தூக்கும் கிழட்டுச் சிப்பாய் டார்கன், யூனியன் தலைவர்போல முழங்குவான். பல்லித் தோல் மந்திரவாதி ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்து விளக்குவான். அது என் வகுப்புக் குரல் என்பது எனக்குப் புரியவே சில வாரம் ஆனது. மற்றவர்களுக்கு முதல் நாளே புரிந்திருக்கிறது.

இப்படிக் கேட்டுக் கேட்டு ஆளுக்கொருவர் சொந்தமாகிவிட்டார்கள். டார்கன் ராசம்மாக்காவின் ஆள். அவனுக்கு அடிபட்டால் "கண்ணுல கொள்ளி விழ" என்று எதிராளியைத் திட்டுவார். வில்லுக்காரி கெய்லா கஸ்பர் அண்ணனின் ஆள். பல்லி என்னுடையது, எனக்கு வேறு வழி இருக்கவில்லை. மிரெல், கேட்கவே வேண்டாம், பிரியந்தியின் ஆள்.

போன தீபாவளிக்கு அவள் தம்பி மதுரன் டோஹாவிலிருந்து லீவில் வரும்போது புதுப் பெட்டியும் 'ஓர்வென் ரோட்' இரண்டாம் பாகமும் கொண்டுவந்தான். புதுச் சேலையை அப்படியே கொடியில் போட்டுவிட்டு அவள் அந்தப் பெட்டியைத்தான் பிரித்தாள். படம் வந்த கொஞ்ச நேரத்தில் லயம் முழுக்கக் கேட்கிறமாதிரி ஒரு சத்தம். "சேர், ஓடி வாங்க! மழ பேஞ்சா சட்ட நனையுது! செருப்புல சேறு ஒட்டுது சேர், கல்லுல தேச்சா போகுது!" உண்மைதான். மலையில் மிஸ்டு என்கிற பனிமூட்டம் இறங்கினால் முன்னால் போகிறவனின் முதுகு மட்டும் தெரிந்தது. "எங்கூருக்கு வந்து பாத்துட்டுப் போயி செஞ்சிருக்கானுங்க" என்று அவள் தீர்மானமாகச் சொன்னாள். நானும் துள்ளிக் குதித்தேன் என்பதை இங்கே ஒளிக்கப்போவதில்லை.

இரண்டாம் வாரம் முறைப்பாடு தொடங்கியது. புதுப் பாகத்தில் போகவேண்டிய இடத்துக்கு ஒரு மஞ்சள் அம்புக்குறி வழிகாட்டும். "மலையில பொறந்தவளுக்கு அம்புக்குறி போட்டுக் காட்டுறான் பாருங்க. வழி தெரியாதவன்தான் இந்த கேமச் செஞ்சிருப்பான்." மூலிகையைக் குனிந்து பறிக்க வேண்டாம், பக்கத்தில் நடந்தாலே பைக்குள் வந்துவிடும். "கை வைக்காம கொழுந்து கூடைக்கு வருமா? என்ன கூத்து இது?" மறுநாள் பார்த்தால் மூலிகைக் காட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக ஓடிக்கொண்டிருந்தாள். "நல்லாத்தான் இருக்கு சேர்" என்றாள், கொஞ்சம் வெட்கத்தோடு.

அவளால் தாங்க முடியாதது குரல்தான். இப்போது பழைய கூட்டாளிகள் எல்லோரும் வாய் திறந்து இங்கிலீஷில் பேசுகிறார்கள். "என் ஆளுங்க வாய்க்குள்ள யாரோ பூந்து பேசுறாங்க" என்று சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பழையபடி தானே பேசினாள். அதிலும் மிரெல் பெரிய ராஜ வைத்தியக்காரியாகி, கூடாரத்தில் நட்சத்திரத்தைப் பற்றியெல்லாம் பேசினாளே தவிர, சாப்பிட்டாயா என்று ஒருநாளும் கேட்கவில்லை. பிரியந்தி ஒவ்வொரு கூடாரத்திலும் காத்திருந்து பார்த்தாள். "பெரிய ஆளாயிட்டா" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டாள். எனக்குத்தான் கோபம் ஆறவில்லை.

ஆனாலும் விடவில்லை. இந்த மனுஷியைப்போல ஒரு விளையாட்டைத் திட்டிக்கொண்டே காதலித்தவர்களை நான் கண்டதில்லை. கொழுந்து மலையில் நிரை பிடித்தால் வாய் ஓயாது. நேற்று கண்ட குகை, நாளைக்குக் கொல்லப்போகும் பூதம் என்று ராசம்மாக்காவுக்குக் கதை நடக்கும். கதை சுவாரசியமான நாளில் இருவர் கூடையும் சீக்கிரம் நிறைகிறதாம்.

இப்படி வந்துகொண்டிருக்கையில்தான் விளையாட்டில் ஓர் ஆறு குறுக்கிட்டது. பெரிய ஆறு. அக்கரையில் ஒரு மலை, மலைக்குள் குடைந்த ஒரு நகரம், ஆயிரம் விளக்கு. படகுக்காரன் ஒன்றே ஒன்றுதான் சொன்னான்: உன்னைத் தவிர மூன்று பேருக்குத்தான் இடம், ஒருவரை இந்தக் கரையில் விட வேண்டும். விட்டவர் இனிமேல் கதையில் வரமாட்டார் என்று திரையிலும் எழுதிக் காட்டினார்கள்.

பிரியந்தி கொன்ட்ரோலரை மடியில் வைத்தாள். "பேர் வெட்டச் சொல்றான்" என்றாள்.

தோட்டத்தில் பேர் வெட்டுவது என்றால் ஆளை வேலைப் பதிவிலிருந்தே எடுத்துவிடுவது. அந்தச் சொல்லை இங்கே யாரும் விளையாட்டுக்குச் சொல்வதில்லை. அப்படி ஒன்று நடந்தால் லயத்தார் செய்வது என்னவோ அதையே அவளும் செய்தாள். நாலு பேரையும் படகுத் துறையில் நெருப்பு மூட்டி உட்காரவைத்துவிட்டு, வேலை நிறுத்தம் அறிவித்தாள்.

"குந்தி இருக்கட்டும். நாங்க மலைக்கு ஏறலன்னா பேச்சுவார்த்தைக்கு எறங்கி வருவாங்க."

"யார் வருவாங்க பிரியந்தி? அது மெஷின்" என்றேன்.

"மெஷினுன்னாலும் அதுக்கு மேல ஒரு தொர இருப்பான்ல?"

உள்ளபடிக்கு, தோட்டத்துக்கு மேலாளர் இருப்பதுபோல அதற்கும் ஒரு துரை எங்கோ இருக்கத்தான் செய்வான்.

வாரக் கணக்கில் அந்த வேலை நிறுத்தம் நடந்தது. தினமும் போய்ப் படகுக்காரனைக் கேட்பாள், அவன் அதையே சொல்வான். வெயிலில் கேட்டாள், மழையில் கேட்டாள். மீன் பிடித்துக் கொடுத்தாள். மீனை வாங்கிக்கொண்டு அதையே சொன்னான். "நன்றி கெட்டவன்" என்று ராசம்மாக்கா கொதித்தார். இக்கரையில் செய்ய ஒரு வேலையும் மிச்சமில்லை. யாரோ தொலைத்த ஆடுகளையெல்லாம் பிடித்துக் கட்டியாயிற்று. அக்கரை விளக்குகள் மட்டும் ஒவ்வொரு மாலையும் எரிந்தன, இவள் கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"எனக்கு ஒடம்பே பரபரங்குது சேர். அந்த மலைக்குள்ள என்ன இருக்கும்? பாக்காம இருக்க முடியல. ஆனா யார எறக்க?"

கடந்த ஞாயிறு முடிவு செய்வது என்றாயிற்று. எல்லோரும் வந்துவிட்டோம். தகரத்தில் மழை. சுமன்கூட ரொட்டி சுடுவதை நிறுத்திவிட்டு மாவுக் கையோடு வாசற்படியில் நின்றான்.

"எங்காளு மேல கை வச்சே, நாளைக்கு நிரையில ஒன் பக்கமே திரும்ப மாட்டேன்" என்று ராசம்மாக்கா சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்பு வாயில் மட்டும்தான் இருந்தது.

"கெய்லா இல்லாட்டி தூரத்துல நிக்கிறவன யாரு அடிப்பா தங்கச்சி?" இது கஸ்பர் அண்ணன்.

நான் பல்லியின் மந்திர பலத்தை எண்களோடு விளக்கினேன். கோயிலில் பூக்கட்டிப் பார்ப்போம் என்று ராசம்மாக்கா சொல்ல, துண்டுச் சீட்டுப் போடுவோம் என்று கஸ்பர் அண்ணன் மறுக்க, குரல்கள் உயர்ந்தன. வளர்ந்த மனிதர்கள் நாங்கள், இல்லாத ஆட்களுக்காக முகம் சிவக்க நின்றோம்.

பிரியந்தி கொன்ட்ரோலரைக் கையில் எடுத்தாள். நாலு பேரின் முகமும் வரிசையாக இருந்த திரையில் ஒவ்வொன்றாக நகர்ந்து, மிரெலின் முகத்தில் நின்று, அழுத்தினாள்.

"அடி புள்ள, அது ஒன் ஆளுல்ல?" என்றார் ராசம்மாக்கா. குரல் இறங்கிப் போயிருந்தது.

"என் ஆளத்தானேக்கா நான் எறக்க முடியும்."

ராசம்மாக்கா முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். கஸ்பர் அண்ணன் தரையைப் பார்த்தார். எண்களோடு பேசியதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது.

படகு புறப்பட்டது. அதை நாம்தான் ஓட்ட வேண்டுமாம். இடது பெருவிரல் படகைத் திருப்பும், வலது பெருவிரல் நாம் பார்க்கும் திசையைத் திருப்பும். ஆறு வேகமாக இழுத்தது. முன்னால் நுரைக்குள் பாறைகள். அதற்கும் அப்பால் இத்தனை நாள் ஏங்கிய அந்த மலை, விளக்கு விளக்காகப் பெரிதாகிக்கொண்டு வந்தது. சுமன் "யப்பா" என்று வாய்விட்டுச் சொன்னான்.

பிரியந்தி வலது பெருவிரலைச் சாய்த்தாள். மலை திரையைவிட்டு விலகியது. பாறைகளும் விலகின. கடைசியில் நாங்கள் விட்டுவந்த கரை மட்டும் தெரிந்தது, அதில் பச்சைச் சால்வையோடு மிரெல் நின்றிருந்தாள்.

"தங்கச்சி, முன்னால கல்லு! முன்னால பாரு!" கஸ்பர் அண்ணன் பாதி எழுந்துவிட்டார்.

"கத்தாதீங்க கஸ்பரு" என்றார் ராசம்மாக்கா. "ஆள் மறையட்டும்."

படகு எதிலோ உரசி ஒருபக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. இரண்டாவது தடவையும் மோதியது. பச்சைச் சால்வை ஒரு புள்ளியாகி, அந்தப் புள்ளியும் மிஸ்டுக்குள் போகும்வரை பிரியந்தி அந்தப் பெருவிரலை எடுக்கவில்லை.